முதல்ல மன்னிச்சது நான்தான்

உங்கள யாராவது மன்னிச்சிருக்காவளா? நீங்க ஒரு தப்பும் செய்யாம இருக்கையில, கேக்காமக் கொள்ளாம, மூஞ்சிக்கு நேரா? எனக்கு நடந்திருக்கும்மா. அதான் கேக்கேன்.

சன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்குக் காத்து ஆகாது. நீங்க மதுரையில ஏறும்போதே பாத்தேன், நல்ல முகமா இருக்கு, பேச்சுத்துணைக்கு ஆச்சுன்னு. நீங்க இந்துதானே? பரவாயில்லம்மா. நான் அதெல்லாம் பாக்க மாட்டேன். எம்பேரு ஞானசிரோன்மணி. சாந்தபுரம் கோயில் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. சர்ச்சத்தான் நாங்க கோயில்ங்கது. திருச்செந்தூர் பக்கம், செம்மண் தேரிக்காட்டு ஓரத்துல இருக்கு எங்க ஊரு. பாதி வீடு பூட்டிக் கிடக்கும். மீதி வீட்டுல என்னைய மாதிரி ஒருத்தி மவனோட போனுக்குக் காத்துக்கிட்டு இருப்பா. நான் காத்துக்கிட்டு இருக்கலை. எனக்கு ஊழியம் இருக்கு.

எங்க கோயில் பெண்கள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். எத்தன வருஷமான்னு கேக்காதீய, வேற யாரும் அந்தப் பொறுப்ப எடுக்கத் தயாரா இல்ல. நான் விட்டாத்தான எடுப்பாவன்னு சிலபேரு சொல்லுவாவ. அவியளையும் மன்னிச்சிட்டேன். வெள்ளிக்கிழமை தவறாம கூடுவோம். வடநாட்டு மிஷனெரி ஊழியத்துக்காக உருக்கமா ஜெபிப்போம். "ஆண்டவரே, உம்மை அறியாத சனங்க அங்க இருட்டுல கிடக்காவளே, எங்க வாலிபப் பிள்ளைகள எழுப்பி அனுப்பும்"னு. உங்களச் சொல்லலம்மா, வடக்க இருக்கவியளச் சொல்லுதேன். நான் ஜெபிச்சா கல்லும் கரையும்னு பேரு. நான் சொல்லல, மத்தவிய சொல்லுவாவ.

எங்க தெருவுல ஹெப்சிபான்னு ஒரு பிள்ள. எங்கிட்ட மூணாங்கிளாஸ் படிச்சவ. தகப்பன் கிடையாது. தாயும், பியூலான்னு ஒரு தங்கச்சியும்தான். கஷ்டப்பட்டு நர்ஸ் படிச்சு நாகர்கோவில்ல வேலைக்குப் போயிட்டா. எம்மவன் ஜோயல் அப்ப ஷார்ஜா விசாவுக்குக் காத்திருக்கான். நர்சுன்னா அங்க உடனே வேல. பாத்தீயளா, ஆண்டவர் எப்படிக் கோத்துக் குடுத்திருக்காருன்னு? பிள்ளைய ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பிரியமாத்தான் இருந்துச்சு. தாய்க்காரிகிட்டப் பேசி முடிச்சாச்சு. கோயில்ல கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த வருஷம் மிஷனெரிக் கூட்டம் எங்க ஊர்ல. ஏற்பாடெல்லாம் நான். பெரிய பிரசங்கியார் ஒருத்தரு வந்தாரு. கடைசியில எல்லாரையும் கண்ண மூடச் சொல்லிட்டு, "வடநாட்டு ஊழியத்துக்குத் தன்ன ஒப்புக்குடுக்கவிய எழும்பி நில்லுங்க"ன்னாரு. நான் மேடைப் பக்கத்துல முழங்கால் போட்டு அழுது ஜெபிக்கேன். "ஒருத்தராவது எழும்பணும் ஆண்டவரே, நான் ஏற்பாடு பண்ணின கூட்டம் வெறுங்கூட்டமாப் போயிரக் கூடாது"ன்னு. ஒத்தக் கண்ண லேசாத் தொறந்து பாத்தேன். செயலாளர்னா பாக்கணும்லா? பொம்பளைய பக்கத்துல ஒருத்தி நிக்கா. ஹெப்சிபா.

"அவ வேண்டாம் ஆண்டவரே!"ன்னேன்.

மனசுக்குள்ளதான் சொன்னேன்னு நெனச்சேன். மைக்கு பக்கத்துல இருந்திருக்கு.

சிரிக்காதீய. எனக்கு எப்படி இருந்திருக்கும்? எழுப்பும்னு கேட்டது வாஸ்தவம். அதுக்காக என் வீட்டு வாசல்லயா வந்து எழுப்பணும்? எத்தன வீட்டுல எத்தன பிள்ளைய சும்மா சுத்திக்கிட்டுத் திரியுது.

மறுநாள் அவ வீட்டுக்கே வந்தா. "டீச்சர், நீங்க வருஷக்கணக்கா ஜெபிச்சதுதான் என்னைய எழுப்புச்சு"ன்னு எங்கிட்டயே சொல்லுதா. "ஜோயலும் வாரேன்னு சொல்லுதாரு. ரெண்டுபேருமா ஒரிசா மலைப்பக்கம் போறோம். நீங்க ஆசீர்வாதம் பண்ணுங்க." இவன் அவ பின்னால பூன மாதிரி நிக்கான். நான் நேரா உள்ள போயிப் படுத்தேன். சோறு தண்ணி தொடல. அது பட்டினி இல்லம்மா, உபவாசம். மவன் வந்து காலப் புடிச்சிக்கிட்டு அழுதான், "எழும்பிச் சாப்பிடும்மா, நான் போகல"ன்னு. ஆண்டவர் என் ஜெபத்தக் கேட்டாரு. எழும்பிச் சாப்பிட்டேன்.

அவன் ஷார்ஜா போனான். அவ தனியா ஒரிசா போனா.

எம்மவன நடுத்தெருவுல விட்டுட்டுப் போனாளா இல்லியா? நீங்களே சொல்லுங்க. ஆனா நான் அவளப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசல. சங்கத்துல ஜெபக்குறிப்பாத்தான் வச்சேன். "ஹெப்சிபாவுக்காக ஜெபிங்க, அந்தப் பிள்ளைக்கு மனசு ஒரு நிலையில இல்ல போல, திடீர்னு இப்படி ஒரு முடிவு எடுத்திருக்கா, அவிய குடும்பத்துலயே அப்படி உண்டோ என்னவோ, வெளிய சொல்லாதீய, ஜெபத்துல வச்சிக்கிடுங்க"ன்னேன். இதுல என்ன தப்பு? அது எப்படியோ பியூலாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ள வீட்டுக் காதுக்குப் போயி, குடும்பத்துல மனநோய் இருக்குன்னு அவிய வேண்டாம்னுட்டாவ. நான் என்ன செய்ய? சனங்களுக்கு ஜெபிக்கத் தெரியல, பரப்பத்தான் தெரியுது. பெறகு பியூலாவ உள்ளூருலயே ஒரு மளிகைக்கடைக்காரருக்கு ரெண்டாந்தாரமாக் குடுத்தாவ. நல்ல மனுஷன். அதுவும் என் ஜெபந்தான்.

அவ தாய் செத்தப்போ ஹெப்சிபா வந்தா. நான் அடக்கத்துக்குப் போகல. முட்டுவலி.

அப்படியே வருஷம் போயிட்டு. ஆனா எனக்கு ஒரு தொந்தரவு. கோயில்ல பரமண்டல ஜெபம் சொல்லுவோம். "எங்களுக்குத் தீங்கு செஞ்சவங்கள நாங்க மன்னிக்கிற மாதிரி எங்கள மன்னியும்"னு ஒரு வரி அதுல வரும். அந்த வரி வரும்போது மட்டும் எனக்கு இருமல் வந்திரும். அடுத்த வரிக்குச் சரியாயிரும். டாக்டர்கிட்டக் கூடக் காட்டினேன். பிரஷர்தான் கூடியிருக்கு, மனசுல எதையும் வச்சிக்கிடாதீங்கன்னாரு. அதே வாரம் ஐயரும் மன்னிப்பப் பத்தியே பிரசங்கம். நாங்க பாஸ்டர ஐயர்னுதான் சொல்லுவோம், உங்க ஐயர் வேற. "மனசார மன்னிச்சா உடம்பும் லேசாகும்"னாரு. டாக்டரும் ஐயரும் ஒரே மருந்தச் சொன்னா சாப்பிட வேண்டியதுதான? சரி, ஹெப்சிபாவ மன்னிச்சிருவோம்னு தீர்மானிச்சேன்.

போன்ல மன்னிக்கலாம். ஆனா போன்ல மன்னிச்சா யாருக்குத் தெரியும்? சங்கத்துல ஊழியத்தலம் பாக்கப் போறோம்னு ஒரு குழுவாக் கிளம்பினோம். போகுமுன்ன கோயில்ல சொன்னேன், "எனக்குப் பெரிய துரோகம் செஞ்ச ஒருத்திய மன்னிக்கப் போறேன், ஜெபிச்சிக்கிடுங்க"ன்னு. பேர் சொல்லல. எல்லாரும் திரும்பி பியூலாவப் பாத்தாவ. அதுக்கு நான் என்ன செய்ய?

ரயிலு, பஸ்ஸு, பெறகு ஜீப்பு. மலையும் காடும். மத்த ஊழியத்தலமெல்லாம் பத்து பன்னெண்டு நாளு சுத்திட்டுக் கடைசியாத்தான் அவ இருக்க எடத்துக்குப் போனோம். எறங்கும்போது எனக்குக் கால் வெடவெடன்னு ஆடுது. ஹெப்சிபாதான் ஓடி வந்து தாங்கிக்கிட்டா. ஆளு கருத்து, மெலிஞ்சு, அங்க உள்ளவ மாதிரியே சேலையத் தூக்கிக் கட்டியிருக்கா. பக்கத்துல கட்டையா ஒரு ஆளு. கூடமாட வேல செய்யவன்னு நெனச்சு, "தம்பி, அந்தப் பெட்டிய எடு"ன்னு கையக் காட்டினேன். அவனும் எடுத்துக்கிட்டான். "டீச்சர், இவருதான் சுக்ரு, என் வீட்டுக்காரரு"ங்கா. அந்த மலைச்சாதி ஆளு! உள்ளூருல ஊழியம் செய்யானாம்.

கிறிஸ்துவுக்குள்ள எல்லாரும் ஒண்ணுதான்மா. அத நான் சண்டே ஸ்கூல்லயே சொல்லிக்குடுத்திருக்கேன். ஆனா கல்யாணம்னு வரும்போது நாலும் பாக்கணும்லா? எம்மவன விட்டுட்டு வந்து இவனையான்னு வந்துட்டு. அப்பவே முடிவு பண்ணினேன், இதையும் சேத்து மன்னிக்கணும்னு.

மறுநாள் காலையில கூட வந்தவிய ஊரச் சுத்திப் பாக்கப் போயிட்டாவ. அவ ஆஸ்பத்திரின்னு சொல்லுதது ஒரு ஓட்டு வீடு. பின்னால அடுப்புல கத்திரி, இடுக்கியெல்லாம் கொதிக்க வச்சிக்கிட்டு இருந்தா. நான் ஸ்டூலப் போட்டு அவளுக்கு இடப்பக்கமா இருந்தேன். ரயில்லயே பேச்சத் தயார் பண்ணி வச்சிருந்தேன். "ஹெப்சிபா, நீ எனக்கும் எம்மவனுக்கும் செஞ்சது சின்னத் துரோகம் இல்ல. வேற ஒருத்தின்னா சாபம் விட்டிருப்பா. நான் சிலுவைய நெனச்சு, முழு மனசோட உன்னைய மன்னிக்கேன்." கண்ணீரு தானா வந்துட்டு. அவ்வளவு நல்லாச் சொன்னேன். எனக்கே புல்லரிச்சுப் போச்சு.

அவ இடுக்கியப் பொரட்டிப் போட்டுக்கிட்டே இருக்கா. என்ன கல்நெஞ்சம்டா இதுன்னு பாத்தா, தற்செயலாத் திரும்பி, "அடடே டீச்சர், எப்ப வந்து இருந்தீய? ஏதும் சொன்னீயளா? எனக்கு இந்தக் காது கேக்காது. இந்தப் பக்கம் வாங்க"ங்கா.

எனக்கு எப்படி இருக்கும்?

"காதுக்கு என்னட்டி ஆச்சு?"ன்னேன்.

முற்றத்துல ஒருத்தன் விறகு கீறிக்கிட்டு இருந்தான். முந்தின நாள் எங்களுக்குச் சோறு வடிச்சுப் போட்டவன். அவனக் காட்டி, "மங்ளு அடிச்சது"ன்னா, என்னமோ கொசு கடிச்சதுன்னு சொல்லுத மாதிரி. அவன் பிள்ளைய வலிப்போட கொண்டாந்திருக்கான். மந்திரம், பூசைன்னு எல்லாம் பாத்து முடிச்சுக் கடைசியிலதான் கொண்டாந்திருக்கான். பிள்ள இவ கையிலயே செத்துப்போச்சு. இவ ஊசி போட்டுத்தான் கொன்னுட்டான்னு, குடிச்சிட்டு வந்து விறகுக்கட்டையால காதோரமா ஒரே போடு.

"அவனையா வீட்டுக்குள்ள விட்டு வச்சிருக்க? போலீசுக்குப் போவலியா?"

"போனேன் டீச்சர். ஜெயிலுக்குப் போயிட்டுத்தான் வந்தான். அவன் உள்ள இருக்கையில பொண்டாட்டிக்குப் பேறுகாலம். நான்தான் பாத்தேன். வந்தவன் ஒரு நாள் விறகு வெட்டிக் கொண்டாந்து போட்டான். போயிட்டான். மறுநாளும் வந்தான். அப்படியே வந்துக்கிட்டு இருக்கான்."

"அப்ப மன்னிச்சிட்ட?"

"சில நாள் மன்னிச்சிருப்பேன் டீச்சர். சில நாள் அவன் கோடாலிய ஓங்கினா கையில இருக்கத அப்படியே போட்டுருவேன். அன்னைக்குப் பூரா அவன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காது. உள்ள போயிருவேன். பெறகு மறுபடி முதல்ல இருந்து."

இது ஒரு மன்னிப்பாம்மா? மன்னிப்பு என்ன நாள் கூலியா? நான் பாருங்க, ஒரே தடவையில மன்னிச்சவ. அதச் சொல்லத்தான வந்திருக்கேன்? ஸ்டூலத் தூக்கி வலப்பக்கம் போட்டு, முழுசையும் திரும்பச் சொன்னேன். ரெண்டாந்தடவ அழுகை சரியா வரல. ஆனாலும் சொல்லி முடிச்சிட்டேன்.

அவ தீயவே பாத்துக்கிட்டு இருந்தா. ஆனந்தக் கண்ணீரு விடப்போறான்னு நெனச்சேன்.

"ஜோயல் எப்படி இருக்காரு டீச்சர்?"ன்னா.

"நல்லா இருக்கான். ரெண்டு பிள்ளைய. பெரிய வீடு."

"ஊருக்கு வருவாரா?"

"லீவு கிடைக்க மாட்டேங்குது. கிறிஸ்மசுக்குப் போன் பண்ணுவான்."

இடுக்கிய எறக்கி வச்சிட்டுச் சொல்லுதா: "எனக்கு உங்க மேல ரொம்பக் கோவம் டீச்சர். எனக்குச் செஞ்சதுக்கு இல்ல. பியூலாவுக்குச் செஞ்சதுக்கு. எங்கம்மா கடைசி வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லியே செத்தாவ. உங்க பேரக் கேட்டாலே எனக்கு எரியும். நீங்க வாரீயன்னு தெரிஞ்சதும் பக்கத்து மலைக்குப் போயிரலாம்னு பாத்தேன். ஆனா நேத்து ஜீப்ப விட்டு எறங்கையில உங்க கால் ஆடுச்சு பாருங்க. அதப் பாத்ததும் என்னமோ போல ஆயிட்டு." என் கையப் புடிச்சிக்கிட்டா. "உங்கள மன்னிச்சிட்டேன் டீச்சர். இன்னைக்கு மன்னிச்சிருக்கேன்."

கேட்டீயளா? ரயிலு, பஸ்ஸு, ஜீப்புன்னு மாறி மாறி, முட்டுவலியோட, நான் மன்னிக்கப் போன எடத்துல என்னைய மன்னிச்சிட்டா! நான் எதுக்குப் போனேனோ அத அவ எடுத்துக்கிட்டா. அதுவும் "இன்னைக்கு" மட்டுமாம். நாளைக்கு எப்படியோ!

"நான் என்னட்டி தப்பு செஞ்சேன்? ஜெபத்துக்குத்தான சொன்னேன்?"ன்னு எழும்பினேன். அவ கத்திரிய எடுத்துத் துணியில பரப்பிக்கிட்டு இருந்தா. நான் போயிப் படுத்துட்டேன். மத்தியானம் சோறு வேண்டாம்னுட்டேன். இல்லம்மா, இது உபவாசம் இல்ல. நிசமாவே குளிரு. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது.

மலேரியா. சுத்தின எடத்துலயே மலைக்கொசு, ஊருக்குப் புதுசா வந்தவளப் பாத்து வச்சிருக்கும் போல. கூட வந்தவிய ஜெபிச்சிட்டு, டிக்கெட் போட்டாச்சேன்னு கிளம்பிப் போயிட்டாவ. சங்கத்துல எனக்கு உயிரக் குடுப்பேன்னு சொன்னவளுவ. காய்ச்சல் தலைக்கேறி நெனவு தப்பிப் போச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். மழையில ஜீப்பு வார பாதை அறுத்துக்கிட்டுப் போயிட்டு. என்னையக் கயித்துக் கட்டில்ல போட்டு, ஒரு பக்கம் சுக்ரு, ஒரு பக்கம் மங்ளு, ரெண்டுபேருமாத் தூக்கிக்கிட்டு மலைய எறங்கியிருக்காவ. நடுவுல எனக்கு லேசா நெனவு வந்துச்சு. கண்ணத் தொறந்தா, தலைமாட்டுல மங்ளு மூஞ்சி. "என் தலையில அடிச்சிராதப்பா"ன்னு தமிழ்ல சொன்னேன். அவனுக்கு என்ன புரிஞ்சுதோ, சிரிச்சான். அவன் போட்டிருந்த சட்டையக் கழத்தி எந்தலைக்கு அண்டக் குடுத்திருந்தான். மழையில வெறும் மேலோட நடக்கான்.

ஹெப்சிபா குடையப் புடிச்சிக்கிட்டுக் கூடவே ஓடி வாரா. ஒரு கையால என் கையப் புடிச்சிருக்கா. அந்தப் பாஷையில என்னமோ ஜெபம் பண்ணிக்கிட்டே வாரா. ஒரு எழுத்துப் புரியல. நடு நடுவுல என் பேரு மட்டும் கேக்குது. ஞானசிரோன்மணி, ஞானசிரோன்மணின்னு. எம்பேர ஜெபத்துல யாராவது சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாச்சும்மா. மத்தவிய பேரச் சொல்லுததுதான என் வேல.

அந்த ஆஸ்பத்திரியில நான் பொழைச்சதே பெருசுன்னாவ. அவதான் ஊட்டினா, தொடச்சா, எல்லாம். ஒண்ணு சொல்லுதேன், நம்பாதீய. காய்ச்சல்ல நான் அவளப் பாத்து, "டீச்சர்னு கூப்பிடாதட்டி, அத்தைன்னு கூப்பிடு"ன்னு அழுதேனாம். அவதான் சொன்னா. நான் சொல்லியிருக்க மாட்டேன். சொன்னாலும் காய்ச்சல்ல சொன்னது செல்லாது.

ஊருக்கு வந்து கோயில்ல சாட்சி சொன்னேன், ஆண்டவர் நமக்குச் செஞ்சத சபைக்கு முன்ன எழும்பிச் சொல்லுதது. நான் மன்னிச்சதச் சொன்னேன். அவ கண்ணு கலங்கினதச் சொன்னேன். கலங்குச்சா, புகையான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஐயரு, "இதுதான் உயிருள்ள விசுவாசம்"னாரு. எல்லாரும் ஆமென் போட்டாவ. அவ என்னைய மன்னிச்சத நான் சொல்லல. அது சபைக்குப் பிரயோஜனமில்லாத விஷயம்.

ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா, பியூலா நிக்கா. இத்தன வருஷமா எங்கிட்ட முகங்குடுத்துப் பேசாதவ. செல்போன நீட்டி, "அக்கா பேசணுமாம்"னா. ஹெப்சிபா! "டீச்சர், மாத்திரைய நிப்பாட்டாதீய, முழுசும் சாப்பிட்டு முடிக்கணும்"ங்கா. வேற ஒண்ணும் கேக்கல. சாட்சியப் பத்திக் கூடக் கேக்கல. நான் சரி சரின்னு வச்சிட்டேன்.

பியூலா போன வாங்கிக்கிட்டு, சாதாரணமாச் சொல்லுதா: "அவ முழுகாம இருக்கா. ரொம்ப வருஷம் கழிச்சு நின்னிருக்கு. டாக்டர் நடமாடவே கூடாதுன்னிருக்காராம். கட்டில்ல கிடந்துக்கிட்டுத்தான் ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லுதா. எனக்குக் கடையையும் பிள்ளைகளையும் விட்டுட்டுப் போக வழியில்ல." சொல்லிட்டுப் போயிட்டா. என்னைய வரச் சொல்லல. யாரும் சொல்லல. நீங்க அப்படி நெனச்சிரக் கூடாது.

நான் இப்ப மறுபடியும் ஒரிசா போறது பேறுகாலம் பாக்கவா? அதெல்லாம் இல்ல. எனக்கென்ன வந்துச்சு? இந்த மன்னிப்பு விஷயம் அரைகுறையா நிக்குது பாருங்க, அது எனக்குப் பிரஷருக்கு ஆகாது. நான்தான முதல்ல மன்னிச்சேன்? அவ காதுல விழலங்கதுக்காக இல்லன்னு ஆயிருமா? அத அவ வாயால ஒத்துக்கிடணும். அவ்வளவுதான். போற எடத்துல சும்மா இருக்க முடியாதுன்னு ரெண்டு சோலி பாப்பேன், ரசம் வச்சுக் குடுப்பேன். பிள்ளை பெறந்தா குளிப்பாட்ட அந்த ஊருக்காரிகளுக்கு என்ன தெரியும்?

சங்கத்துச் செயலாளர் பொறுப்பா? அது கெடக்கு. யாராவது எடுத்துக்கிடுவாவ.

என்ன கேட்டீய? திரும்பி வர டிக்கெட்டா? இன்னும் போடலம்மா. "நீங்கதான் டீச்சர் முதல்ல மன்னிச்சீய"ன்னு அவ ஒத்துக்கிட்ட மறுநாளே போட்டுருவேன். பிடிவாதக்காரி. லேசுல ஒத்துக்கிட மாட்டா.